கரி காத்திருக்கும், ஹைட்ரஜன் காத்திருக்காது

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் 'ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்' என்ற கணினி விளையாட்டை வாங்கினேன். இப்போது 140ஆவது சைக்கிளில், அதாவது விளையாட்டின் 140ஆவது நாளில் இருக்கிறேன். காலனியில் எட்டு டூப்கள் (விளையாட்டின் ஆட்கள்), தண்ணீரை ஆக்ஸிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் ஒன்று. ஜெனரேட்டர்கள் மொத்தம் ஆறு: ஹைட்ரஜன் ஒன்று, எரிவாயு ஊற்றுக்குப் பக்கத்தில் நேச்சுரல் கேஸ் இரண்டு, நிலக்கரி மூன்று. எல்லாம் ஒரே கண்டக்டிவ் வயரில், கூடவே இரண்டு ஸ்மார்ட் பேட்டரி. நாற்பது சைக்கிளுக்கு முன் 70 டன் கரி வைத்திருந்தேன். கல்லைத் தின்று கரி போடும் ஹேட்ச் என்ற விலங்குகள் நான்கை வளர்த்தும் இப்போது 20 டன்தான் மிச்சம். கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் கரி ஜெனரேட்டரின் ஸ்லைடரை (பேட்டரி எத்தனை சதவீதத்துக்கு இறங்கினால் கரி போட வேண்டும் என்று சொல்வது) 100-இல் வைத்திருக்கிறேன். தினசரி அறிக்கையில் பார்த்தால் சைக்கிளுக்கு 1,080 கிலோஜூல்தான் செலவாகிறது. மெட்டல் ரிஃபைனரியை ஓட்டினால் வயர் கருகுகிறது. எனக்கு மின்சாரம் போதவில்லையா, அதிகமாக இருக்கிறதா என்றே புரியவில்லை. பெட்ரோலியத்துக்குப் போய்விடலாமா?

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம.,

எண்களோடு எழுதியதற்கு முதலில் நன்றி. 'கரண்ட் பத்தவில்லை' என்று ஒற்றை வரியில் வரும் கடிதங்களுக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. உங்கள் கடிதத்தில் பதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு சைக்கிள் 600 விநாடி. 1,080 கிலோஜூலை 600-ஆல் வகுத்தால் 1,800 வாட். உங்கள் காலனிக்குச் சராசரியாகத் தேவைப்படுவது இவ்வளவுதான். ஆறு ஜெனரேட்டரும் சேர்ந்து ஓடினால் வருவது 4,200 வாட். ஆக, மின்சாரம் தேவையைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருக்கிறது.

கரி எங்கே போனது? ஒரு கரி ஜெனரேட்டர் விநாடிக்கு ஒரு கிலோ தின்னும். மூன்றும் நாற்பது சைக்கிள் நிற்காமல் ஓடினால் 72 டன். உங்களிடம் 70 டன் இருந்தது. ஒரு ஹேட்ச் சைக்கிளுக்கு 140 கிலோ கல் தின்று 70 கிலோ கரி போடும், எனவே நான்கும் நாற்பது சைக்கிளில் 11 டன் தந்திருக்கும். மிச்சம் 20 என்றால் எரிந்தது 61 டன். நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நேரம் மூன்றும் ஓடியிருக்கின்றன. அந்த ஸ்லைடர் கரியைக் கொண்டுவந்து போடும் வேலையை மட்டும்தான் கட்டுப்படுத்தும். உள்ளே விழுந்த கரி, பேட்டரி நிரம்பி வழிந்தாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். சிக்னல் வயர் கொடுத்து நிறுத்தச் சொன்னால் ஒழிய இந்த விளையாட்டில் எரிபொருள் ஜெனரேட்டர் தானாக நிற்காது. நீங்கள் ஒரு சிக்னல் வயர்கூட இழுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் பேட்டரி. ஒரு ஸ்மார்ட் பேட்டரி 20 கிலோஜூல் பிடிக்கும். உங்கள் இரண்டும் சேர்ந்து 1,800 வாட்டுக்கு 22 விநாடி தாங்கும். ஒரு டூப் படுக்கையிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு டன் கரிக்குள் 600 கிலோஜூல் இருக்கிறது, அதாவது முப்பது ஸ்மார்ட் பேட்டரி. அந்த ஒரு டன் ஒரு மூலையில் கிடக்கும், கசியாது, சூடாகாது. பேட்டரிகளை வரிசையாக அடுக்கி மின்சாரத்தைச் சேமிக்கப் பார்ப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எரிபொருளாகவே வைத்திருங்கள். ஸ்மார்ட் பேட்டரியை, எந்த ஜெனரேட்டர் எப்போது எழ வேண்டும் என்று மணியடிக்கும் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் எரிப்பது என்று கேட்டால், பெரும்பாலோர் வாட்டைப் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். நான் ஒவ்வொரு எரிபொருளிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: உன்னை இன்று எரிக்காவிட்டால் என்ன ஆகும்? கரிக்கு ஒன்றும் ஆகாது. ஹைட்ரஜனை எரிக்காமல் விட்டால் ஆள் செத்துப்போகும். மிகைப்படுத்தவில்லை, என் காலனியில் நடந்தது.

அப்போது நானும் எல்லா ஜெனரேட்டர்களையும் ஒரே பேட்டரியின் சிக்னலில் கட்டியிருந்தேன். கரி மிச்சமானது, சந்தோஷமாக இருந்தேன். ஒருநாள் எரிவாயு ஊற்று நன்றாகக் கக்கிக்கொண்டிருந்தது. பேட்டரி எப்போதும் மேலேயே நின்றது. நான் மேலே ராக்கெட் தளத்துக்குப் படிக்கட்டு போட்டுக்கொண்டிருந்தேன். படுக்கை அறைப் பக்கம் வந்து பார்த்தபோது டூப்கள் தூக்கத்திலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறுகிறார்கள். கரண்ட் முழுசாக இருக்கிறது, எலக்ட்ரோலைசரில் தண்ணீரும் இருக்கிறது, ஆனால் அது நின்றுகொண்டிருக்கிறது. சுட்டியை மேலே கொண்டுபோனால் அழுத்தம் அதிகம் என்று காட்டுகிறது. காரணம் புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. பேட்டரி நிரம்பியதால் ஹைட்ரஜன் ஜெனரேட்டர் நின்றது. அது நின்றதால் ஹைட்ரஜன் போக வழியில்லாமல் அறையில் தேங்கியது. சுற்றியிருக்கும் காற்று ஒரு கட்டத்துக்கு (வரைபடத்தின் ஒரு சதுரத்துக்கு) 1.8 கிலோவைத் தாண்டியதும் எலக்ட்ரோலைசர் நின்றது. அதோடு ஆக்ஸிஜனும் நின்றது. மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டேன். மீப் கடைசிக் கட்டிலில் கிடந்தான், அவனை எழுப்ப முடியவில்லை. முதல் சைக்கிளிலிருந்து என்னோடு இருந்தவன். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஹைட்ரஜன் ஜெனரேட்டருக்குச் சிக்னல் வயர் வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும். உங்கள் விஷயத்தில் கணக்கும் அழகாகப் பொருந்துகிறது. எட்டு டூப்களுக்கு விநாடிக்கு 800 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். எலக்ட்ரோலைசர் முழுநேரம் ஓடினால் 888 கிராம் ஆக்ஸிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தரும். உங்கள் தேவைக்கு அது பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஓடினால் போதும், அப்போது ஹைட்ரஜன் விநாடிக்கு 101 கிராம். ஜெனரேட்டரின் தீனி 100 கிராம். மூச்சு விடுவதன் உபரியாகவே 800 வாட் கிடைத்துவிடுகிறது.

நேச்சுரல் கேஸ், கரிக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவில் இருப்பது. கொஞ்சம் காத்திருக்கும், ரொம்பக் காத்திருக்காது. ஊற்றைச் சுற்றி கட்டத்துக்கு 5 கிலோ அழுத்தம் ஏறிவிட்டால் ஊற்று கக்குவதை நிறுத்திவிடும், அந்த வாயு உங்களுக்கு நஷ்டம்தான். அதனால் ஊற்று அறையைப் பெரிதாகத் தோண்டுங்கள், அல்லது பம்ப் வைத்து கேஸ் ரிசர்வாயரில் ஏற்றுங்கள். ஜெனரேட்டர் ஒன்றுக்கு விநாடிக்கு 90 கிராம் வேண்டும். ஊற்றுக்கு ஊற்று அளவு மாறும் என்றாலும், ஊற்று கக்காமல் ஓய்ந்திருக்கும் உறக்க காலத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஓர் ஊற்று ஏறக்குறைய ஒரு ஜெனரேட்டருக்குத் தீனி போடும். அது இன்னொரு 800 வாட்.

இரண்டும் சேர்ந்து 1,600 ஆகிவிட்டது. உங்களுக்கு வேண்டியது 1,800. கரி தர வேண்டியது மீதி 200 வாட், அதாவது ஒரு கரி ஜெனரேட்டரின் மூன்றில் ஒரு பங்கு, சைக்கிளுக்கு 200 கிலோ. உங்கள் நான்கு ஹேட்ச்சும் 280 கிலோ தருகின்றன. கையிருப்பைத் தொடாமலே ஓட்டலாம், ம.! அந்த ஹேட்ச்களை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு எளிதுதான். ஒரு ஸ்மார்ட் பேட்டரியிலிருந்து சிக்னல் வயரை இரண்டு நேச்சுரல் கேஸ் ஜெனரேட்டர்களுக்கும் இழுங்கள். மேல் அளவு 95, கீழ் அளவு 80. இன்னொரு பேட்டரியிலிருந்து மூன்று கரி ஜெனரேட்டர்களுக்கும். மேல் 60, கீழ் 30. சார்ஜ் 80-க்கு இறங்கும்போது வாயு எழும். வாயுவால் சமாளிக்க முடியாமல் 30-க்கு இறங்கினால்தான் கரி எழும், 60 வந்ததும் அடங்கிவிடும். இரண்டு பேட்டரியும் ஒரே வகையாக இருக்கட்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே சதவீதத்தைக் காட்டும். டூப் ஓடிச் சுற்றும் கைச்சக்கர ஜெனரேட்டர் ஒன்று வைத்து அதன் ஸ்லைடரை 10-இல் விட்டுவிடுங்கள். கரியும் தீர்ந்த இரவில் அந்த 400 வாட் காலனியைக் காப்பாற்றும்.

நீங்கள் நாகர்கோவில்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றாலை மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் மின்தொகுப்பில் விதியாகவே இருக்கிறது. காற்று காத்திருக்காது, அனல் நிலையத்துக் கரி காத்திருக்கும். அங்கே பொறியாளர்கள் செய்யும் வேலையின் சின்ன வடிவத்தைத்தான் நாம் இரண்டு பேட்டரி வைத்துச் செய்கிறோம்.

வயர் கருகுவது வேறு விஷயம். அதற்கும் ஜெனரேட்டர்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. ஒரு வயரில் ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. கண்டக்டிவ் வயர் 2,000 வாட் தாங்கும். ரிஃபைனரி ஒன்றே 1,200 இழுக்கும், அதோடு பம்ப், விளக்கு, அடுப்பு எல்லாம் சேர்ந்தால் தாண்டிவிடும். ஜெனரேட்டர்களையும் பேட்டரிகளையும் 20 கிலோவாட் தாங்கும் ஹெவி-வாட் வயரில் வையுங்கள். அதிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கிளை பிரியுங்கள். கண்டக்டிவ் வயர் கிளைக்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் போதும். ஒவ்வொன்றும் 1,000 வாட்டுக்கு மேல் விடாது, வயர் கருக வழியே இல்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் 4,000 வரை விட்டுவிடும், அதை அங்கே போடாதீர்கள். ரிஃபைனரிக்குத் தனிக் கிளை.

பெட்ரோலியம் இப்போது வேண்டாம். 2,000 வாட் தரும், சரி. ஆனால் விநாடிக்கு 2 கிலோ குடிக்கும், அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு விடும், சூட்டையும் நன்றாகக் கக்கும். எட்டுப் பேருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. கொஞ்சம் எண்ணெய் எடுத்து பிளாஸ்டிக் செய்யுங்கள், அது நீராவி டர்பைனுக்கு வேண்டும். டர்பைன் வரும்போது அதற்கும் பேட்டரி சிக்னல் கொடுக்காதீர்கள். அதன் முதல் வேலை சூட்டை இறக்குவது, 850 வாட் என்பது கூடவே கிடைப்பது.

அந்த 20 டன் கரி எதற்கு என்றால், ஊற்று உறங்கும் காலத்துக்கு. அப்போது ஹைட்ரஜன் 800 தரும், மீதி 1,000 வாட்டைக் கரிதான் தர வேண்டும். சைக்கிளுக்கு ஒரு டன். ஹேட்ச் தருவது போக 720 கிலோ கையிருப்பிலிருந்து போகும். 20 டன் 27 சைக்கிள் வரும். உங்கள் ஊற்று அதைவிட நீண்ட நேரம் உறங்குமா? ஆராய்ச்சி தெரிந்த ஒரு டூப்பை அனுப்பி ஊற்றை ஆய்வு செய்யச் சொல்லுங்கள், எத்தனை சைக்கிள் விழிப்பு, எத்தனை சைக்கிள் உறக்கம் என்று காட்டிவிடும். அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள். ஹேட்ச் எத்தனை கூட்ட வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அக்கா