பேய் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லப்படும் பழைய ஹோட்டல் அறையில் ஓர் இரவு தங்கி ஆராய்ந்த அனுபவம் உண்டா? என்ன கண்டீர்கள்?

உண்டு. ஒரே ஓர் இரவு, நானும் நண்பர் ஒருவரும். நூறு வயதைத் தாண்டிய கட்டடம். மரத்தரை, எட்டாத உயரத்தில் கூரை, பலகை வைத்து அடைத்துவிட்ட கணப்பு, காலை வைத்தால் முனகும் தாழ்வாரம். ஹோட்டலின் பெயர் வேண்டாம். எங்களை நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் வியாபாரம் நடக்க வேண்டும்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேய் இல்லை என்று பகலில் மணிக்கணக்காக வாதாடுவேன், ராத்திரி கழிவறைக்குப் போக வழியிலிருக்கும் எல்லா விளக்கையும் போடுவேன். அந்த ரகம். நண்பர் நேர் எதிர். பேய் உண்டு என்று நம்புகிறவர், ஆனால் பயம் என்பதே கிடையாது. தலையணையில் தலை பட்ட இரண்டாவது நிமிடம் தூங்கிவிடுவார்.

மாலையிலேயே போய் ஆளாளுக்குக் கதை கேட்டோம். வரவேற்பில் இருந்தவர், தேனிலவுக்கு வந்த பெண் அந்த அறையில் இறந்துபோனதாகச் சொன்னார். அறையைச் சுத்தம் செய்கிற அம்மா, "கல்யாணப் பொண்ணெல்லாம் இல்ல தம்பி, இங்கேயே வேலை பார்த்த ஆயா" என்றார். இரவுக் காவலர் சிரித்தபடியே, "பொம்பளையே கிடையாது சார், அது ஒரு பட்டாளத்து ஆபீசர்" என்றார். ஆனால் என்ன நடக்கும் என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ராத்திரியில் அலமாரிக் கதவு தானாகத் திறக்கும், சுவருக்குள்ளிருந்து யாரோ தட்டுவார்கள், கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் சில்லென்று இருக்கும்.

எனக்கு இதில்தான் பொறி தட்டியது. செத்தது யார் என்பதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை, அலமாரி விஷயத்தில் மட்டும் ஒரே குரல். அப்படியானால் முதலில் விசாரிக்க வேண்டியது அலமாரியைத்தானே?

இப்படிக் கதை திரிவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஸ்டான்லி ஹோட்டல் என்று ஒன்று இருக்கிறது. 1909ல் திறந்தது, பேய்க் கதைக்காகவே உலகப் புகழ் பெற்றது. 217ஆம் எண் அறையில் எலிசபெத் வில்சன் என்ற பணிப்பெண்ணின் ஆவி விருந்தினரின் துணிகளை மடித்து வைப்பதாகச் சொல்வார்கள். 1911ல் அந்த அறையில் எரிவாயு கசிந்து வெடித்தது உண்மை, அவர் தூக்கி எறியப்பட்டதும் உண்மை. ஆனால் அவர் அதில் சாகவில்லை, காயத்தோடு பிழைத்துக்கொண்டார். கேட்கிறவர்களுக்கு வெடிவிபத்து மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

சரி, எங்கள் ராத்திரிக்கு வருகிறேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இரண்டு அறை எடுத்தது. ஒன்று 'அந்த' அறை. இன்னொன்று பக்கத்திலேயே, அதே அளவில், எந்தக் கெட்ட பெயரும் இல்லாத அறை. இரண்டிலும் ஒரே மாதிரி ஒலிப்பதிவுக் கருவி, ஒரே மாதிரி வெப்பமானி, ஒரே மாதிரி கார்பன் மோனாக்சைடு அலாரம். ஓர் அறையில் மட்டும் ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கேட்கிற சத்தமெல்லாம் அந்த அறையின் கணக்கில்தான் சேரும். பக்கத்து அறையிலும் அதே சத்தம் வந்ததா என்று பார்க்க வழி வேண்டாமா?

கார்பன் மோனாக்சைடு அலாரம் எதற்கு என்று நண்பரும் கேட்டார். 1921ல் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதையை எழுதினார். பழைய வீடொன்றுக்குக் குடிபோன அவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்டது, யாரோ பின்தொடர்வது போல இருந்தது, உருவங்கள் தெரிந்தன. பிள்ளைகள் வெளிறிப்போனார்கள், தொட்டிச் செடிகள்கூடப் பட்டுப்போயின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அதன் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியில் தொடங்கி ஆளையே முடித்துவிடும். பழைய கட்டடத்தில் இரவு தங்குகிறவர்கள் வேறு எதைக் கொண்டுபோகாவிட்டாலும் இதைக் கொண்டுபோங்கள். எங்கள் அலாரம் இரண்டும் விடியும்வரை வாயே திறக்கவில்லை.

நண்பர் தன் பங்குக்கு ஒரு மின்காந்த மீட்டர் கொண்டுவந்திருந்தார், பேய் வேட்டை வீடியோக்களில் விளக்கு விளக்காக மின்னுமே, அது. கட்டிலின் தலைமாட்டில் வைத்ததும் கத்தித் தீர்த்தது. எனக்கு முதுகு ஜில்லிட்டது. தாழ்வாரத்துக்குப் போய்ப் பார்த்தால் சுவரின் அந்தப் பக்கம் ஃபியூஸ் பெட்டி. அப்புறம் என் கைப்பேசி சிக்னல் தேடும்போதெல்லாம் இன்னொரு முறை கத்தியது. ஒன்பதரை மணிக்கு அதை அணைத்துப் பைக்குள் போட்டோம்.

சில்லிப்பு விஷயம் எளிது. லேசர் வெப்பமானியைக் காற்றில் வீசி வீசிக் 'குளிர்ந்த இடம்' கண்டுபிடிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவி காற்றை அளப்பதே இல்லை, எதிரே இருக்கும் சுவரின் மேற்பரப்பைத்தான் அளக்கிறது. நாங்கள் சாதாரண வெப்பமானியைக் கட்டிலின் இரண்டு பக்கமும் வைத்தோம். கணப்புப் பக்கம் இரண்டு டிகிரி குறைவு. மெல்லிய காகிதத்தை நாடாவாகக் கிழித்து, அடைத்த பலகையின் விளிம்பில் பிடித்தால் உள்பக்கமாக, கட்டிலை நோக்கிப் படபடத்தது. மேலே புகைபோக்கி திறந்தே கிடக்கிறது, குளிர்காற்று இறங்கிவருகிறது. அவ்வளவுதான்.

தட்டும் சத்தம் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. டக். கொஞ்சம் விட்டு டக், டக். அப்புறம் இன்னும் நீண்ட இடைவெளி விட்டு ஒன்று. கதையில் கேட்டபோது சிரித்தவன், அப்போது சிரிக்கவில்லை. நண்பரோ சுவரில் காதை வைத்துக்கொண்டு, "இது தண்ணிக் குழாய் மாதிரில்ல இருக்கு" என்றார். சோதித்துப் பார்த்தோம். அவர் பக்கத்து அறைக்குப் போய் வெந்நீர்க் குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டு மூடினார். சில நிமிடம் கழித்து, நான் உட்கார்ந்திருந்த சுவருக்குள் அதே டக். சூட்டில் நீண்ட குழாய் ஆறும்போது சுருங்கி, பிடித்திருக்கும் மரச்சட்டத்தில் உரசி விடுபடுகிறது. ஆற ஆற வேகம் குறைவதால்தான் இடைவெளி கூடுகிறது. நள்ளிரவில் யாரோ தாமதமாகக் குளித்திருக்கிறார்கள், நான் எழுதுகிற பேனாவைக் கீழே போட்டிருக்கிறேன்.

அலமாரியை மிகவும் ரசித்தேன். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, கறுத்த மரம், தாழ்ப்பாள் தேய்ந்து வழவழவென்று போயிருந்தது. தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அறையின் நடுவை நோக்கித் தானே உருண்டது. அதாவது அலமாரி முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கதவை மூடிவிட்டு நண்பரைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னேன். அவர் ஒரு குறிப்பிட்ட பலகையை மிதித்ததும் இங்கே தரை லேசாக அதிர்ந்தது, தாழ்ப்பாள் நழுவியது, கதவு கீச்சென்று ஒரு சாண் திறந்து நின்றது. ஏன் என்று தெரிந்த பிறகும், கண்ணெதிரே அது திறந்த விதம் அழகாகவே இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் அவசரமில்லாமல் வெளியே வருவது போல. ஓர் அட்டையை நான்காக மடித்து முன்கால்களுக்கு அடியில் செருகினேன். அதற்குப் பிறகு நண்பர் குதித்தும் பார்த்தார். கதவு அசையவில்லை.

காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியையும் யோசித்தோம். விக் டாண்டி என்ற பொறியாளர் இங்கிலாந்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்து வியர்த்துப் போனார். மறுநாள் அங்கே இடுக்கியில் பொருத்தியிருந்த அவருடைய வாள்வீச்சுக் கத்தி தானாக அதிர்வதைப் பார்த்துத் துருவியதில், புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறி, காதுக்குக் கேட்காத ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 19 அதிர்வு) ஒலியால் அறையையே அதிரவைப்பது தெரிந்தது. 1998ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். எங்களிடம் அந்த ஒலியை அளக்கும் கருவி கிடையாது. சமையலறை விசிறி ராத்திரி நின்ற நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டோம். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு ஒரே அளவு பயம்தான்.

ஒன்றரை மணிக்கு நண்பர் பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலில் மல்லாக்கச் சாய்ந்தபடி நான் மட்டும் விழித்திருந்தேன். ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் அலமாரியும் கதவும் நாற்காலியும் தெரிந்தன. கால்மாட்டில் மெத்தை மெல்ல அமுங்கியது, யாரோ உட்கார்வது போல. அந்தப் பக்கம் போர்வை இழுபடுவதைக் கெண்டைக்காலில் உணர்ந்தேன். எழ முயன்றேன், விரல்கூட அசையவில்லை. நெஞ்சின் மேல் பாரம். நண்பரைக் கூப்பிட வாய் வரவில்லை. கண் மட்டும் திறந்திருக்கிறது, நாற்காலியின் மேல் நான் போட்ட சட்டைகூடத் தெரிகிறது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. திடீரென்று உடம்பு விடுபட்டதும் விளக்கைப் போட்டு மணியைப் பார்த்தேன், 2:52. கை நடுங்க நடுங்க, "முழு விழிப்பில் இருந்தேன்" என்று நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

காலையில் ஒலிப்பதிவைக் கேட்டோம். 2:30லிருந்து 2:51 வரை ஒரே சீரான குறட்டை. என்னுடையதுதான்.

அமுக்குவான் பேய் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். கனவு காணும் தூக்கத்தில் உடம்பு ஓடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. சில சமயம் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடும், கனவும் முழுதாகக் கலைந்திருக்காது. தூக்கம் கெட்டிருந்தால், மல்லாக்கப் படுத்திருந்தால் இது வர வாய்ப்பு அதிகம். பேயை ஆராயப் போகிறவன் ராத்திரி முழுக்கச் செய்வதும் இந்த இரண்டைத்தானே! இத்தனையும் எனக்கு முன்பே தெரியும். ஆனால் மெத்தை அமுங்கிய அந்த நிமிடத்தில் நான் படித்த ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

அதோடு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. லண்டனில் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் என்ற உளவியலாளரும் குழுவினரும் செயற்கையாக ஒரு 'பேய் அறை' கட்டி, 79 பேரை ஒவ்வொருவராக 50 நிமிடம் உள்ளே விட்டார்கள். மின்காந்தப் புலமும் தாழ்ந்த ஒலியும் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. வினோத உணர்வுகள் நிறையப் பேருக்கு வந்தன. ஆனால் புலமோ ஒலியோ இருந்ததற்கும் அவற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஏதாவது நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. 2009ல் வெளியானது.

விளக்கம் கிடைக்காத ஒன்றும் இருக்கிறது, அதை மறைத்தால் தப்பு. 3:50 வாக்கில் ஆறேழு விநாடிக்கு ஒரு முனகல், மூக்கால் பாட்டுப் பாடுவது போல, ஒலிப்பதிவில் இருக்கிறது. ஆனால் அது பதிவானது 'அந்த' அறையில் இல்லை, நண்பர் தூங்கிய, கெட்ட பெயர் இல்லாத அறையில். அவருடைய குறட்டை பின்னணியில் தனியாகக் கேட்கிறது. நண்பர் அதில் "போ" என்று ஒரு வார்த்தை கேட்பதாகச் சொன்னார். எதுவும் சொல்லாமல் நான்கு பேருக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் பூனை என்றார், ஒருவர் கதவு என்றார், இருவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கும்தான். அந்த ஒலிப்பதிவை இன்னும் வைத்திருக்கிறேன்.

காலையில் கிளம்பும்போது வரவேற்பில் கணக்கை முடித்துக்கொண்டிருந்தோம். அறையைச் சுத்தம் செய்கிற அம்மா மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். கையில் நான்காக மடித்த அட்டை.

"தம்பி, இத பீரோவுக்கு அடியிலேயே விட்டுட்டீங்க."