வாட்ஸ்அப் குழு, கொடையாளர் பட்டியல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் ரத்ததான அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுநூறு பேர் இருக்கிறார்கள். ரத்தம் கிடைத்து மூன்று நாளான பிறகும் நோயாளியின் உறவினருக்கு அழைப்பு ஓய்வதில்லை. குழுவில் போட்ட வேண்டுகோளை அழித்தும் பயனில்லையே, ஏன்?
- செயலாளர், திண்டுக்கல்

பதில்: உங்கள் குழுவில் அழிப்பது அங்கே மட்டும்தான் அழியும். அதற்குள் பிறர் ஃபார்வேர்டு செய்தது எங்கோ சுற்றிக்கொண்டே இருக்கும். தேதி போடாத போஸ்டர் என்றால் மாதக்கணக்கில் சுற்றும். ஆகவே உறவினரின் எண்ணைக் குழுவில் போடாதீர்கள். குழுவை முதல் வழியாக வைக்காமல் கடைசி வழியாக வையுங்கள்.

முதல் வழி கொடையாளர் பட்டியல். பெயர், பாலினம், ரத்த வகை, ஊர், கைபேசி எண், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி, இவற்றைக் கூகுள் ஃபார்மில் கேட்டுக் கூகுள் ஷீட்டில் சேருங்கள். ரத்த வகையை மட்டும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஒருவர் 'ஓ பாசிட்டிவ்' என்பார், இன்னொருவர் 'ஓ+' என்பார், வேறொருவர் ஓவுக்குப் பதில் பூஜ்யத்தைத் தட்டுவார். ஃபில்டர் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். எட்டு வகையையும் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். 'தெரியாது' என ஒன்பதாவதும் இருக்கட்டும், இல்லாவிட்டால் குத்துமதிப்பாகத் தொட்டுவிடுவார்கள்.

ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். கடைசித் தேதியோடு அந்த நாட்களைக் கூட்டி, 'அடுத்து கொடுக்கத் தகுந்த நாள்' என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். வேண்டுகோள் வந்ததும் வகை, ஊர், நாள் மூன்றையும் ஃபில்டர் செய்து முதல் பத்துப் பேரை நேரே அழையுங்கள். ஒருவரும் அமையாவிட்டால் குழுவில் போடுங்கள்: மருத்துவமனை, எத்தனை யூனிட், எந்தத் தேதி எத்தனை மணி வரை, உங்கள் ஒருங்கிணைப்பாளரின் எண். போஸ்டர் வேண்டாம், எழுத்தாகவே இருக்கட்டும். குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிட்டால் 'வாழ்க வளமுடன்' படங்களுக்கு நடுவே வேண்டுகோள் புதையாது.

ஷீட்டை 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்று திறந்து விடாதீர்கள். நூற்றுக்கணக்கான பெண்களின் எண் அதில் இருக்கிறது. திருத்தும் உரிமை மூன்று பேருக்குப் போதும். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தினால் பெயர் நகரும், எண் நகராது. கவிதாவை அழைத்தால் முருகன் எடுப்பார். அப்படி ஆகிவிட்டால் பதறி ஒவ்வொன்றாகத் திருத்தாமல், ஷீட்டின் பதிப்பு வரலாற்றில் முந்தைய பதிப்பை மீட்டெடுங்கள்.

கேள்வி: தன்னார்வலர் ஒருவர் தன் ஐடியில் அறக்கட்டளைக்கு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கினார். இப்போது வேலை கிடைத்து வெளியூர் போகிறார்.
- அறங்காவலர், கடலூர்

பதில்: அவர் கிளம்புமுன் இன்னும் இருவருக்கு முழுக் கட்டுப்பாட்டு உரிமை தரச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்வது தீர்வல்ல, அது அவருடைய சொந்தக் கணக்கு. அறக்கட்டளையின் ஜிமெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால், கைபேசி கையில் இல்லாதபோதும் உள்ளே நுழையக் கூகுள் தரும் பத்து பேக்கப் குறியீடுகளை அச்சிட்டுத் தீர்மானப் புத்தகத்தோடு பூட்டி வையுங்கள்.

கேள்வி: பக்கத்தில் க்யூஆர் கோடு போட்டிருக்கிறோம். கனடாவில் இருப்பவர்களும் பணம் அனுப்பக் கேட்கிறார்கள். வாங்கலாமா?
- பொருளாளர், சிவகங்கை

பதில்: கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். கனடா குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கெனத் திறந்த கணக்கில்தான் வந்து சேர வேண்டும், உங்கள் க்யூஆர் கோடு வழியாக அல்ல. க்யூஆர் படத்துக்குக் கீழேயே 'இந்தியக் குடிமக்கள் மட்டும்' என்று எழுதிவிடுங்கள்.