மாதக் கட்டணமில்லாத தொலைக்காட்சி: எந்த டிஷ், எந்த பாக்ஸ்?

பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில், பிறருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் எந்த செட்டாப் பாக்ஸ் நல்லது என்றே கேட்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் படம் தெளிவாக வருவதும் வராததும் பாக்ஸைவிட டிஷ், கேபிள், கம்பம் ஆகிய மூன்றையே பெரிதும் பொறுத்திருக்கிறது என்பதால், பதில்களிலும் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

காட்பாடி: மாதச் சந்தா கட்டாமல் தொலைக்காட்சி பார்க்க என்னென்ன வாங்க வேண்டும்? எல்லாத் தமிழ் சேனல்களும் வருமா?

எல்லாத் தமிழ் சேனல்களும் வரமாட்டா. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாங்கினால்தான் பிறகு ஏமாற்றம் இருக்காது. 2004 டிசம்பரில் தொடங்கப்பட்டு, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் இயங்கும் பிரசார் பாரதியின் சேவை, 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாறிய சேனலும், தூர்தர்ஷனின் மற்ற சேனல்களும், ஆகாசவாணியின் வானொலி ஒலிபரப்புகளும், பாடம் நடத்தும் கல்விச் சேனல்களும் அதில் கிடைக்கும். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து வருபவை என்பதால் அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும். அவற்றில் இந்தி சேனல்களே மிகுதி, தமிழ் குறைவு. நம் வீடுகளில் மாலையில் ஓடும் பெரிய தமிழ்த் தொடர் சேனல்கள் கட்டணச் சேனல்கள். அவை பூட்டப்பட்டே மேலிருந்து வருகின்றன. எந்த இலவச பாக்ஸாலும் அவற்றை முறைப்படி திறக்க இயலாது. "இந்த பாக்ஸில் எல்லாம் திறக்கும்" என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

செய்தி, கல்வி, பழைய படங்கள், கிரிக்கெட் இல்லாத நாட்களில் ஏதாவது ஒன்று என்ற அளவில் உங்கள் தேவை இருந்தால், 2 அடி அல்லது 2½ அடி டிஷ், ஓர் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று, அது குவிக்கும் சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் சிறு கருவி), ஆர்.ஜி-6 கேபிள், எம்.பெக்-4 வகை பாக்ஸ் ஆகியவை போதும். பழைய எம்.பெக்-2 பாக்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் ஒரு பகுதி சேனல்கள் தெரியவே தெரியா. பூட்டில்லாத தமிழ்ச் சேனல்கள் இன்னும் சில வேண்டுமென்றால் பெரிய டிஷ் வேண்டும்; அதை வாணியம்பாடி வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

குடியாத்தம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. பாக்ஸை மாற்றலாமா?

பாக்ஸை மாற்றாதீர்கள், ஐயா. ஃப்ரீ டிஷ் வரும் கே.யு. அலைவரிசையின் அலைநீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. அத்தனை குறுகிய அலையைக் கனத்த மழைத்துளிகள் வழியிலேயே உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. 60 சென்டிமீட்டர் டிஷ் தெளிந்த வானத்தில் தாராளமாக வேலை செய்யும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அதற்குக் கைவசம் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. 90 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பரப்பு அதைப்போல் இரண்டேகால் மடங்கு. தூறலிலும் நடுத்தர மழையிலும் அது தாக்குப்பிடிக்கும். இடியோடு கொட்டும் மழையில் பத்து நிமிடம் படம் போவதை எந்த டிஷ்ஷாலும் முழுதாகத் தடுக்க முடியாது. பெரிய டிஷ் வாங்குபவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: டிஷ் பெரிதாகப் பெரிதாக அதன் பார்வை கூர்மையாகும், ஆகவே திசை சிறிது பிசகினாலும் சிக்னல் விழுந்துவிடும், கம்பமும் அதற்கேற்பக் கனமாக இருக்க வேண்டும்.

மழை விட்ட பிறகும் படம் திரும்பவில்லை என்றால் குற்றம் வானத்தில் இல்லை, கேபிளில் இருக்கிறது. நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டு மாடியில் எல்.என்.பி.யின் கனெக்டருக்கு ரப்பர் மூடி போடாமல், கேபிளையும் நேராக ஜன்னல் வழியே இறக்கிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மழைக்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் அழைத்தார். பாக்ஸின் பின்புறம் கேபிளைக் கழற்றியபோது அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே புகுந்த நீர் பின்னல் கம்பி வழியாகவே கீழே இறங்கியிருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது, பாக்ஸின் உள்ளேயும் ஈரம். அந்த பாக்ஸை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, கனெக்டரை ரப்பர் மூடியாலும் ஒட்டும் டேப்பாலும் மூடாமல் நான் மாடியை விட்டு இறங்குவதில்லை. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் அதைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்றி நுழைக்க வேண்டும். அப்போது வழிந்து வரும் நீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

கேபிளின் நடுக்கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது இரும்பின்மேல் செம்புப் பூச்சு. பத்து மீட்டருக்குள் அது போதும். இருபது, முப்பது மீட்டர் ஓட்டம் இருந்தால் முழுச் செம்பே வேண்டும், ஏனென்றால் எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரமும் அதே கம்பியில்தான் போகிறது. வேலூர் வெயிலில் மட்டமான கேபிளின் மேலுறை இரண்டு கோடையில் வெடித்துவிடும். கறுப்பு உறையுள்ள, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கேபிளையே கேட்டு வாங்குங்கள்.

ஒடுகத்தூர்: எங்கள் வீடு மலையடிவாரத்தில் உள்ளது, தென்னந்தோப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. சிக்னல் கிடைக்குமா?

மலையைப் பற்றிக் கவலை வேண்டாம், தென்னையைப் பற்றியே கவலைப்பட வேண்டும். வேலூரிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 வடக்கிலிருந்து வலமாக 131 டிகிரியில், அதாவது கிட்டத்தட்ட அக்னி மூலையில், தரையிலிருந்து 67 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அது நம் தலைக்கு மேலே என்று சொல்லத்தக்க உயரம். நம் மாவட்டத்து மலைகள் எதுவும் வீட்டிலிருந்து பார்க்க அவ்வளவு செங்குத்தாக எழுவதில்லை. மரத்தின் கணக்கு எளிது: அக்னி மூலைப் பக்கம் உள்ள ஒரு மரம், டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரமோ அதை 2.4-ஆல் வகுத்தால் வரும் தூரத்துக்கு அப்பால் இருந்தால் அது மறைக்காது. டிஷ்ஷுக்கு மேல் 12 மீட்டர் உயர்ந்த தென்னை 5 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மட்டை விரிவுக்கு இன்னும் 3 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓலை நடுவில் வந்தால், காற்றில்லாதபோது படம் வந்து காற்றடிக்கும்போது போகும், அதைக் கண்டே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சூரியனே சாட்சி சொல்லும் நாட்கள் ஆண்டில் இருமுறை வருகின்றன. பங்குனி பிறப்பதை ஒட்டி, அதாவது மார்ச் 14, 15 தேதிவாக்கில் காலை 11.15 மணியளவிலும், செப்டம்பர் 28-ஐ ஒட்டி 11 மணிக்குச் சற்று முன்பும், நம் ஊரிலிருந்து பார்க்கச் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கிறது. டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் அந்த நேரத்தில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது, நிழல் விழுந்தால் அடைபட்டிருக்கிறது. ஏற்கெனவே பொருத்திய டிஷ்ஷாக இருந்தால், அந்த நேரத்தில் தட்டில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு திட்டாகக் குவிந்து எல்.என்.பி.யின் முகத்தின்மேல் விழுவதைப் பார்க்கலாம். திட்டு ஒரு விரற்கடை விலகி விழுந்தால் டிஷ்ஷும் அந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பொருள். அந்தச் சில நாட்களில் அதே வேளையில் படம் சில நிமிடம் உடைவதும் சூரியனின் இரைச்சலால்தான். பாக்ஸைத் தட்ட வேண்டாம்.

திசை பார்க்க செல்பேசியின் திசைகாட்டியைப் பயன்படுத்துவோர், இரும்புக் கம்பத்திலிருந்தும் மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுக்கம்பிகளிலிருந்தும் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். 67 டிகிரி என்றதும் தட்டின் முகத்தையே அவ்வளவு நிமிர்த்திவிடக் கூடாது. சிறிய டிஷ்ஷில் எல்.என்.பி. கீழ்ப்பக்கம் தள்ளி இருப்பதால், தட்டு பார்ப்பதைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே இருப்பதையே அது வாங்குகிறது. ஆகவே முகம் ஏறத்தாழ 43 டிகிரி நிமிர்ந்திருந்தால் தேடத் தொடங்கலாம்.

வாலாஜா: பாக்ஸில் ஸ்டிரெங்த் 90 காட்டுகிறது, குவாலிட்டி பூஜ்யம். டிஷ் சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. ஸ்டிரெங்த் என்பது எல்.என்.பி.யும் கேபிளும் உயிரோடு இருக்கின்றன என்று மட்டுமே சொல்கிறது. டிஷ்ஷைச் சுவர்ப் பக்கம் திருப்பினாலும் அது குறையாமல் இருக்கும். குவாலிட்டிதான் செயற்கைக்கோளின் சிக்னல். பாக்ஸின் அமைப்பில் எல்.என்.பி. அலைவெண் 9750 என்றும், டிரான்ஸ்பாண்டர் 11090, வெர்டிகல், 29500 என்றும் கொடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மேல்கீழ்க் கோணத்தை நிறுத்திவிட்டு, டிஷ்ஷை இடமிருந்து வலமாக மிக மெல்ல நகர்த்துங்கள். ஒவ்வொரு சிறு அசைவுக்கும் பின் இரண்டு, மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். குவாலிட்டி எட்டிப் பார்த்ததும் திருகுகளை இறுக்கிவிட்டு, கடைசியாக எல்.என்.பி.யை அதன் பிடிக்குள்ளேயே சிறிது சிறிதாகத் திருப்பி, எண் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இந்தத் திருப்பம் வடமாநிலங்களைவிட அதிகம் தேவைப்படும். பலர் எல்.என்.பி.யை நேராக வைத்துவிட்டு அரைகுறைச் சிக்னலோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

ஆம்பூர்: அரசு கொடுத்த பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிதான் எங்களிடம் இருக்கிறது. அதில் இணைக்க முடியுமா?

முடியும். 2006-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பெட்டிகள் பல வீடுகளில் இன்றும் நன்றாக ஓடுகின்றன. வாங்கும்போது பாக்ஸின் பின்புறத்தை நீங்களே திருப்பிப் பாருங்கள்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. பின் துளைகளோ, அவற்றுக்கான சிறிய ஒற்றைத் துளையும் கம்பியுமோ இருக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள பாக்ஸ் உங்களுக்குப் பயன்படாது. இரண்டும் இருக்கும் பாக்ஸாகப் பார்த்து வாங்கினால் பிறகு புது டி.வி. வந்தாலும் உதவும்.

ஆற்காடு: புதிய டி.வி.க்குத் தனி பாக்ஸ் வேண்டுமா?

டி.வி.யின் பின்னால் திருகு மரையுள்ள சாட்டிலைட் துளை இருந்தால் கேபிளை நேரடியாக அதில் இணைத்துப் பார்க்கலாம். உள்ளேயே சாட்டிலைட் ட்யூனர் கொண்ட டி.வி.களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112:2022 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. கடையில் இதைக் கேளுங்கள்.

பேரணாம்பட்டு: இரண்டு அறைகளில் இரண்டு டி.வி.கள். இரண்டு டிஷ் வேண்டுமா?

ஒரே டிஷ் போதும். இரண்டு வெளியீடு கொண்ட எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் இழுத்துவிடுங்கள்.

சோளிங்கர்: குரங்குகள் டிஷ்ஷைப் பிடித்து ஆட்டி, திசையை மாற்றிவிடுகின்றன.

மலைக்கோயில் ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. டிஷ்ஷைத்தான் தயார் செய்ய வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தால் அது குரங்குக்கு உட்காரும் இடமாகிவிடும். தளத்திலேயே, முழங்கால் உயரத்தில், இரண்டங்குல ஜி.ஐ. குழாயைக் கான்கிரீட் கட்டையில் ஊன்றுங்கள். சிக்னல் சரியானதும், கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் ஊடாக ஒரே துளையிட்டு போல்ட் முடுக்கிவிட்டால் டிஷ் சுழலவே சுழலாது. குழாயிலும் மேல்கீழ் அளவிலும் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்தால், எப்போதாவது கலைந்தாலும் ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம்.

வாணியம்பாடி: 6 அடி டிஷ் வைத்தால் அதிகத் தமிழ்ச் சேனல்கள் வரும் என்கிறார்களே?

உண்மைதான், நிபந்தனைகளோடு. ஃப்ரீ டிஷ் வரும் கே.யு. அலைவரிசையைவிட நீண்ட அலைகள் கொண்ட சி-பேண்ட் அலைவரிசையில் பூட்டில்லாமல் வரும் தமிழ்ச் செய்தி, ஆன்மிகச் சேனல்கள் சில உண்டு. அவை ஒரே செயற்கைக்கோளில் இல்லை. எது எப்போது பூட்டப்படும் என்பதும் அந்தந்த நிறுவனத்தின் முடிவு. 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள ஜிசாட்-30 நமக்குத் தெற்கிலிருந்து சற்றே கிழக்காக 74 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 66 டிகிரித் தீர்க்கரேகையில் உள்ள இன்டெல்சாட்-17 கன்னி மூலையில் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகே கம்பம் நட வேண்டும். சி-பேண்ட் எல்.என்.பி.யின் அலைவெண் 5150.

நான் வலை டிஷ்ஷையே சிபாரிசு செய்வேன். சி-பேண்டின் அலைநீளம் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் வலையின் சிறு துளைகள் அதற்குத் தடையில்லை. தகட்டு டிஷ் 74 டிகிரி நிமிர்ந்திருக்கும்போது உணவுத் தட்டுபோல வானத்தைப் பார்த்துக் கிடக்கும். மழைநீரும் சருகும் அதில் தேங்கும். காற்றும் ஒரு காரணம்: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று 6 அடித் தகட்டில் நேராக மோதினால், ஏறத்தாழ 150 கிலோ எடையை வைத்துத் தள்ளுவதற்கு ஒப்பாகும். அவ்வளவையும் கம்பத்தின் அடிதான் தாங்க வேண்டும். ஓட்டு வீட்டின் மேலும், வெறும் செங்கல் கைப்பிடிச் சுவரின் மேலும் இதை வைக்கக் கூடாது. தளத்தில் பீம் ஓடும் இடத்தைக் கொத்தனாரிடம் கேட்டறிந்து, அதன்மேல் முக்காலிக் கால்களை அமைக்கச் சொல்லுங்கள். தளம் பழையதென்றால் முற்றத்திலேயே தரையில் ஊன்றிவிடலாம். செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் நிற்பதால் டிஷ்ஷை உயரத் தூக்க வேண்டிய தேவை நம் பகுதியில் இல்லை.