பட்டறைக் கேள்வி: வண்டிப் பேரைச் சொல்லிச் சாமான் வாங்காதீர்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். எங்களிடம் பழைய டாடா 1210 லாரி ஒன்று செங்கல் லோடுக்கு ஓடுகிறது. ஆயில் குடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை என்று இன்ஜினை இறக்கிவிட்டோம். "1210-க்கு பிஸ்டன் லைனர் செட்" என்று கேட்டு வாங்கினோம், சேரவில்லை. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், மேலூர்

பதில்: 1210 வண்டியின் பேர், இன்ஜினுக்கு வேறு பேர். அந்த வண்டிகளில் முதலில் வந்த இன்ஜின் 692, பிற்பாடு வந்தது 697. 692 என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம். 697-க்கும் 6 சிலிண்டர்தான், போர் 97. ஸ்ட்ரோக்கும், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமும், 120, 128 என்று மாறும். வண்டி கை மாறும்போது காயலான் கடை இன்ஜின் எதுவும் ஏறியிருக்கலாம். அதனால் முதலில் பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரைத் துடைத்துப் படித்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் சரிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம் போர் டயல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். லைனர் என்பது பிஸ்டன் ஓடும் குழாய்; அதன் மேல்பக்கம் ரிங் ஓடித் தேய்ந்திருக்கும். அங்கே அளந்தால் கணக்கு தப்பும். ரிங் எட்டாத அடிப்பக்கம் அளந்தால் அசல் அளவு தெரியும். 97 வந்தால் 697 என்று பெரும்பாலும் நம்பலாம். அதற்காக 407 பிஸ்டனை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். பழைய 407-இல் உள்ள 497-க்கும் போர் 97தான், ஆனால் 4 சிலிண்டர், ஸ்ட்ரோக் 100. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை எவ்வளவு உயரம், அந்தப் பின்னின் தடிமன் என்ன, தலையில் உள்ள குழி எப்படி இருக்கிறது, மூன்றையும் பழைய பிஸ்டனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 697-இல் டர்போ வைத்ததும் உண்டு. டர்போ பிஸ்டனை டர்போ இல்லாத இன்ஜினில் "விலை கம்மி" என்று போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேரிங்கை இன்னும் வாங்கவில்லையே? நல்லது, இப்போது வாங்க வேண்டாம். கழற்றிய பிக் எண்ட் ஷெல்லை (கனெக்டிங் ராடின் அடிமுனையில் உட்காரும் அரைவட்டப் பேரிங்கை) கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, முதுகுப் பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். ஓரத்தில் மங்கலாக எழுத்து தெரியும். 0.50 என்று இருந்தால், இந்தக் கிராங்க் ஏற்கெனவே அரை மி.மீ. கிரைண்டிங் ஆனது. எஸ்டிடி (ஸ்டாண்டர்ட்) என்றால் கை வைக்காத கிராங்க். கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கும் பிக் எண்டும் ஒரே அளவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு ஜர்னலையும் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதியை) மைக்ரோமீட்டரில் இரண்டு திசையில், இரண்டு ஓரத்தில் அளந்து, கிரைண்டிங் முடிந்து வந்த அளவுக்குத்தான் ஷெல் வாங்க வேண்டும். கிரைண்டிங்காரரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஜர்னலின் ஓரத்தில் இருக்கும் வளைவை வெட்டிக் கூர்மையாக்கக் கூடாது. கிராங்க் உடைந்தால் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் உடையும். லோடு வண்டியில் இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் ஒரிஜினலாகப் போட்டும் புண்ணியமில்லை.

ரிங்கை பிஸ்டனில் ஏற்றும் முன் ஒவ்வொன்றாக லைனருக்குள் சமமாக வைத்து, ரிங் முனைகளுக்கு நடுவே உள்ள பிளவை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளில்) பாருங்கள். 97 போருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை என்பது பொதுக்கணக்கு. இன்ஜினுக்கான புத்தகத்தில் உள்ள அளவு கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வண்டி ஓடுகிற வரை பழைய பிஸ்டன், ஷெல், கேஸ்கெட் எதையும் இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைக்காரர் வாய்ப்பேச்சை நம்பி வாங்குவதைவிட, சாக்கில் பழைய சாமானைக் கட்டிக்கொண்டு போய்ப் பலகையில் வைத்துக் கேட்பது மேல். செங்கல் லோடு அடித்துச் சம்பாதிக்கிற காசு, இரண்டு தடவை செலவாகக் கூடாது.

கேள்வி: இன்ஜின் வேலை முடிந்ததும் புது நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) போட்டோம். கரும்புகை நிற்கவில்லை, ஆயிலில் டீசல் வாடை வருகிறது. ஏன்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: நாசிலில் அடித்திருக்கும் நம்பரைப் படியுங்கள். டிஎல்எல்ஏ என்ற எழுத்துக்குப் பின்னால் வருவது தெளிப்புக் கோணம், டிகிரியில். கோணம் மாறிய நாசில் பிஸ்டன் குழிக்குள் தெளிக்காமல் லைனர் சுவரில் டீசலை அடிக்கும். அது எரியாமல் ஆயிலுக்குள் இறங்கும். பழைய நாசில் நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். நம்பர் சரி என்றால், பம்பும் நாசிலும் டெஸ்ட் பெஞ்சில் ஏறட்டும். அதுவரை லோடு ஏற்றாதீர்கள், இருக்கிற ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) சீவி மட்டம் போட்டால் போதுமா, புது ஹெட் வாங்க வேண்டுமா?
- வாசகர், வாடிப்பட்டி

பதில்: விரிசல் இல்லையென்று பிரஷர் டெஸ்டில் தெரிந்தால், மட்டம் போட்டே ஓட்டலாம். நிறைய சீவினால் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கி வந்துவிடும். சீவிய பிறகு வால்வு ஹெட் முகத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று டெப்த் கேஜில் அளந்து வாங்குங்கள்.