பதினொரு கூடைகள்

கேள்வி: எனக்கு வயது 69. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியுடன் நாகர்கோவிலில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். மூத்த மகன் துபாயிலும் இளையவன் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். இருவரையும் கடன் வாங்கிப் பொறியியல் படிக்க வைத்தேன். அந்த ரசீதுகளை இன்றும் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசுவார்கள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதோடு சரி. பெற்றவர்கள் பட்ட பாடு அவர்களுக்கு உறைக்கவில்லை. நான் அப்படி வளர்ந்தவன் அல்ல. பனையேறியான அப்பா எனக்குப் பன்னிரண்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து இறந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன அக்காதான் ஒட்டுபால் விற்ற காசையும் சேர்த்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். பழைய வறுமையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் இதைச் சொன்னதில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவளான அவள் கணவர் இறந்தபின் குலசேகரம் பக்கம் மகளோடு இருக்கிறாள். ஒக்கி புயலில் அவளுடைய ரப்பர் மரங்கள் விழுந்து கிடந்தபோதுதான் கடைசியாகப் போய்ப் பார்த்தேன். இப்போதும் தானே பின்னிய ஒயர் கூடையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மட்டிப் பழமும் வைத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவாள். எங்கள் இருவருக்கும் சர்க்கரை இருப்பதால் அவற்றை வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிடுவோம். கூடைகள்தான் பதினொன்று சேர்ந்து ஸ்டோர் அறையில் இடத்தை அடைக்கின்றன. பிள்ளைகளுக்கு நன்றியுணர்வை எப்படி உண்டாக்குவது? உயிலை மாற்றி எழுதப்போவதாகச் சொன்னால் உறைக்குமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐயா, உங்களுடையதைப் போன்ற கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஆண்டு முழுவதும் வருகின்றன. வெளியூரில் மகன், ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு, பத்திரப்படுத்திய ரசீது, கடைசி வரியில் உயில். காலம் கெட்டுவிட்டது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் பதில் எழுத வேண்டும் என்பது இந்தக் கடிதங்களை எழுதுகிறவர்களின் எதிர்பார்ப்பு. அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகன்களைப் பற்றிய வரிகளை ஒரு முறை படித்தேன். ஸ்டோர் அறையில் இடத்தை அடைக்கும் பதினொரு கூடைகளைப் பற்றிய அந்த ஒற்றை வரியை நான்கு முறை படித்தேன்.

ஒரு வீட்டில் பதினொரு கூடை எப்படிச் சேரும்? ஒவ்வொன்றாக வந்து, ஒன்றுகூடத் திரும்பிப் போகாமல் இருந்தால்தான் சேரும். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று, ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையையாவது, முற்றத்துக் கறிவேப்பிலையையாவது போட்டுக் கொடுத்த ஊர் நம்முடையது. உங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார். அந்த வீட்டில் வளர்ந்த நீங்கள் கூடையை வெறுமையாகக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. முதல் கூடை வராமற்போகவே அக்கா ஒயர் வாங்கி இரண்டாவதைப் பின்னியிருக்கிறார். அதுவும் வரவில்லை என்றதும் மூன்றாவதைப் பின்னியிருக்கிறார். ஒயர் கூடை பின்னியவர்களுக்குத் தெரியும், ஒன்றை முடிக்கப் பல மாலைப்பொழுதுகள் வேண்டும். அடியிலிருந்து முடிச்சு முடிச்சாக எண்ணி ஏற்ற வேண்டும், ஒரு முடிச்சு தவறினாலும் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். கண் மங்கிய வயதில், 74 வயதில், பதினொரு முறை அந்த வேலையைச் செய்த ஒருவர், கூடை எங்கே என்று தம்பியிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கிழங்கைப் பிடுங்கி, மண்ணை உதறி, சுமந்துகொண்டு சாலைக்கு வந்து, பஸ் வரும் வரை நின்று, கண்டக்டரிடம் கெஞ்சிக் கேட்டு அவர் ஏற்றிவிடுகிறார். அதை வாங்கிக்கொள்ள நீங்கள் பேருந்து நிலையத்துக்குப் போகிறீர்கள். உங்கள் கையில் கூடையைக் கொடுத்த அந்தப் பேருந்து சற்று நேரத்தில் மீண்டும் குலசேகரத்துக்குத்தானே புறப்படும்? பதினொரு முறை அந்தப் பேருந்தின் படிக்கட்டு வரை போயிருக்கிறீர்கள். நீங்கள் ஏறவில்லை, போன முறை வந்த கூடையையாவது ஏற்றி அனுப்பியிருக்கலாம்.

கடைசியாக ஒக்கி புயலின்போது போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புயல் நம் மாவட்டத்தைச் சாய்த்தது 2017 நவம்பர் 30-இல். அன்று விழுந்த ரப்பர் மரங்களின் தூரைத் தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த மழைக்குப் புதுக்கன்று வைத்தவர்கள் நம் மேற்குத் தாலுகாக்களில் ஏராளம். ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அக்காவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நட்ட கன்று வளர்ந்து, பட்டை முற்றி, கத்தி பட்டு, சிரட்டையில் பால் சொட்டுகிற மரமாகியிருக்கும். அவ்வளவு காலம் ஆகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் 40 கிலோமீட்டர்கூட இல்லை. துபாயில் இருப்பவன் ஐந்து நிமிடமே பேசுகிறான் என்று எழுதுகிறவர் இதை அளந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒட்டுபால் விற்ற காசையும் சேர்த்து என்று அரை வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டும். அட்டையும் பாம்பும் உள்ள சரிவில் ஒரு நாளைக்குச் சுமார் 300 மரங்களின் பட்டையைக் கத்தியால் இழைத்து, பிறகு அத்தனை மரங்களையும் மறுபடி சுற்றிவந்து பாலை எடுக்க வேண்டும். அதற்குப் பின்னும் வெட்டுத் தடத்தில் காய்ந்து நிற்பதையும் சிரட்டையில் உறைந்து கிடப்பதையும் விரலால் உரித்துச் சேர்ப்பதுதான் ஒட்டுபால். பாலை உறையவைத்துத் தகடாக்கும் ஷீட்டுக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. அதன் வாடையோ சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. அந்தக் கையோடுதான் பதினேழு வயதுப் பெண் சோறு உண்டார், தலை வாரிக்கொண்டார், உங்களுடைய கட்டணத்தை எண்ணிக் கொடுத்தார். உங்கள் படிப்பு முடிந்து உங்களுக்கு வேலை கிடைக்கும் வரை அவருடைய திருமணத்தைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மகன்களுக்குச் செலவழித்ததற்கு உங்களிடம் ஒரு கோப்பு நிறைய ரசீது இருக்கிறது. உங்களுக்குச் செலவழித்ததற்கு ரசீது வாங்கி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

பழைய வறுமையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன் என்கிறீர்கள். வறுமையை மறைக்கப் போய் அக்காவையும் சேர்த்து மறைத்துவிட்டீர்கள். பால் வெட்டிய அக்காவைப் பற்றி அலுவலக நண்பர்கள் முன்னிலையிலோ, மனைவியின் உறவினர்களிடமோ பேச உங்களுக்குக் கூச்சம் இருந்தது. கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். உங்கள் மகன்களுக்கு அத்தை என்றால் யார்? அப்பா வாங்கி வந்த கையோடு வேறொருவருக்குத் தள்ளிவிடும் மண் ஒட்டிய கிழங்கை அனுப்பும் கூடைக்காரி. அதற்கு மேல் அந்தப் பெண்மணியைப் பற்றி அவர்கள் அறிய நீங்கள் வழி வைக்கவில்லை. தங்களுக்காகப் பட்ட பாடு அவர்களுக்கு உறைக்கவில்லை என்று நீங்கள் வருந்துகிறீர்கள். பாடுபட்டவர்களை எப்படி நடத்துவது என்பதை அவர்கள் எந்த வீட்டில் பார்த்திருக்க முடியும்?

அந்தக் கிழங்கையும் இளப்பமாக எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, அன்று திருவிதாங்கூரோடு இருந்த நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் உயிரைப் பிடித்து வைத்தது மரச்சீனிதான். உங்கள் பெற்றோர் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள். தன்னிடம் இருப்பதில் உயர்ந்தது என்று எதை நினைக்கிறாரோ அதையே அக்கா உங்களுக்கு அனுப்புகிறார். சர்க்கரை இருப்பது உண்மைதான். மருத்துவர் சொல்கிற அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு துண்டை எடுத்து மீன் குழம்பில் தொட்டு உண்டுவிட்டு மீதியைக் கொடுப்பதற்கும், தொட்டுக்கூடப் பார்க்காமல் அப்படியே கொடுத்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவர்மேல் சுமத்த முடியாது. இனி அனுப்ப வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கொடுக்க இடமில்லாமல் போவது முதுமையில் தாங்க முடியாத ஒன்று.

என் தாயார் நோயில் கிடந்த இரண்டு ஆண்டுகள் என்னை வளர்த்தவர் என் பெரியம்மா. வேலைக்குப் போன பிறகு ஆண்டுதோறும் அவருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவருடைய எண்பதாவது வயதில் ஒரு நாள், வேறு பேச்சு கிடைக்காமல், அந்த இரண்டு ஆண்டுகளை எப்படிப் பெரியம்மா சமாளித்தீர்கள் என்று கேட்டேன். மதியம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை சொன்னார். நான் கொடுத்த புடவைகள் மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு கேள்விக்காக அவர் முப்பது ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன், அக்காவின் முன்னால் போய் நின்று நன்றி என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். நம் வீடுகளில் அது அந்நியரிடம் சொல்லும் சொல், அவர் முகம் வாடிவிடும். எப்படி அக்கா சமாளித்தாய் என்று கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருங்கள். நீங்கள் சிறுவனாக இருந்ததைக் கண்ணால் கண்டவர், அப்பாவைத் தூக்கி வந்த அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இந்த உலகில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

உயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் சம்பாதித்துக் கட்டிய வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பெற்றோரையும் மூத்தோரையும் பேணுவதற்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரவும் முடியும். உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. பணம் உங்கள் குறையாகத் தெரியவில்லை. உயிலைக் காட்டி மிரட்டினால் ஐந்து நிமிடப் பேச்சு அரை மணி நேரமாகக்கூடும். அந்த அரை மணி நேரத்தை நீங்களே வெறுப்பீர்கள். மாத்திரை போட்டீர்களா என்று வாரந்தோறும் கேட்கிற மகன்களைப் பற்றி எனக்கு அவ்வளவு மோசமான எண்ணம் இல்லை. அக்கா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டும் உத்தியாக இதைச் செய்வதாக இருந்தால் செய்யவே வேண்டாம். அக்கா அதைக் கண்டுபிடித்துவிடுவார். ஸ்டோர் அறையிலிருந்து ஒரு கூடையை எடுத்துக் கழுவிக் காய வையுங்கள். கருப்பட்டி வாங்கி அதில் வையுங்கள்; அம்மா அக்கானி (பதநீர்) காய்ச்சிய அடுப்பின் அருகில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் எனக்குத் தோன்றவில்லை. நல்ல கருவாடும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். மனைவியையும் அழைத்துக்கொண்டு, கூடை வருகிற அதே பேருந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறுங்கள். மதியம் அங்கேயே உண்ணுங்கள். மகன்களின் அழைப்பு வரும்போது அக்காவின் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி பேசுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், ஒட்டுபால் என்றால் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பிறகு தொலைபேசியை அவரிடம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் ஐந்து நிமிடமே பேசக்கூடும். பேசிவிட்டுப் போகட்டும்.

ஒரே நாளில் பதினொரு கூடைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு கூடைக்கு ஒரு பயணம், மாதத்துக்கு ஒன்று. நீங்கள் புறப்படும்போது அக்கா அந்தக் கூடையிலேயே கிழங்கையும் பழத்தையும் நிரப்பி உங்கள் கையில் தருவார், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எண்ணினால் மறுபடியும் பதினொன்றே இருக்கும், அடுத்த மாதமும் போக வேண்டியிருக்கும்.