பாட்டியின் குரல் கேட்கிறதாம்

கேள்வி: என் அக்காவுக்கு 24 வயது. ஐந்து மாதமாக, இறந்துபோன பாட்டி தன்னிடம் பேசுவதாகச் சொல்கிறாள். தானாகச் சிரிக்கிறாள், ராத்திரி தூங்குவதில்லை. பாட்டிதான் இறங்கியிருக்கிறாள் என்று அம்மா ஒரு கோயிலில் தங்கவைத்திருக்கிறார். மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாது, கல்யாணமும் நடக்காது என்கிறார். இது நோயா, பாட்டியா? - ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று அக்காவிடம் கேட்டீர்களா? 'சாப்பிடு, வாசலைப் பெருக்கு' என்கிறதா, 'கிணற்றில் குதி' என்கிறதா? இரண்டாவது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாட்டி ஏன் வருகிறார் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் கலிஃபோர்னியா ஆகிய மூன்று இடங்களில் குரல் கேட்கும் மனநோயாளிகளிடம், இடத்துக்கு 20 பேர் வீதம், பேசிப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. அமெரிக்கர்கள் பலருக்கு அது முகம் தெரியாத, வன்முறை பேசும் குரல். அக்ராவில் பலருக்குக் கடவுள். நம் சென்னையிலோ பெரும்பாலும் சொந்தக்காரர்கள். வேலை சொல்வார்கள், திட்டுவார்கள். கோளாறு மூளையில்தான். அதற்கு வேஷம் கட்டிவிடுவது நாம் வளர்ந்த வீடு.

கோயிலை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பரிசோதித்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை; எளிய வழிபாடு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை, கூடவே ஓர் உறவினர். அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. சரி, மீதி 80? அதற்குத்தான் மருந்து. ஆனால் சங்கிலி போடும் இடமாக இருந்தால் உடனே அழைத்து வந்துவிடுங்கள். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் ஓட முடியாமல் கருகியது அதனால்தான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலி போடுவதே குற்றம்.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன்; தைராய்டு உட்பட வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். தள்ளிப்போடப் போட, குணமாவது கடினமாகும். இந்த மாத்திரைகள் போதைப் பழக்கம் ஆகாது. முதல் தடவை என்றால் ஓரிரு ஆண்டுக்குப் பிறகு பலருக்குக் குறைத்துப் பார்க்கலாம். கல்யாணப் பேச்சு வந்ததும் ரகசியமாக நிறுத்தி, மூன்றாம் மாதமே திரும்பி வந்த பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம். அம்மாவையும் கூட்டிப் போங்கள். விபூதியை அழிக்கச் சொல்லும் டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.