காளான் பாக்கெட்டில் ‘புற்றுநோய் தீரும்’ என்று போடலாமா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் கொட்டகை போட்டுச் சிப்பிக்காளானும் பால் காளானும் வளர்க்கிறேன். காளானிலுள்ள ஒரு பொருள் செல்லின் ஏற்பியைத் தூண்டிப் புற்றுநோயைப் போக்கும் என்று மகன் செல்போனில் காட்டினான். பாக்கெட்டில் அதைப் போட்டு விற்கலாமா? மிஞ்சும் காளானைக் காயவைப்பது எப்படி?

பதில்: போடாதீர்கள் அம்மா. உங்கள் மகன் காட்டியதில் முன்பாதி உண்மை.

காளானின் செல்சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. நம் செல்களில் அது கிடையாது. வந்திருப்பது பூஞ்சையா என்று தடவிப் பார்க்க, நம் வெள்ளணுக்கள் சிலவற்றின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி இருக்கிறது; ஏற்பி என்றால் குறிப்பிட்ட பொருள் வந்து ஒட்டும் இடம். பீட்டா குளுக்கான் அதில் ஒட்டியதும் அந்த அணு உஷாராகிவிடும். ஜப்பானில் ஷீடாக்கே காளானிலிருந்து லெண்டினான் என்ற பீட்டா குளுக்கானைப் பிரித்தெடுத்து, வயிற்றுப் புற்றுநோய்க்குக் கீமோவுக்குத் துணையாக ஊசியில் ஏற்றினார்கள். அது மருந்து. நீங்கள் விற்பது குழம்பில் வேகிற காளான். புற்றுநோய், சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதிகாரிகள் பார்க்காமலா போவார்கள்?

நான் சொல்வது வேறொரு ஏற்பி. காளானில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆகும். கல்லீரலும் சிறுநீரகமும் அதை மாற்றிக் கொடுத்தபின், செல்லுக்குள் இருக்கும் வைட்டமின் டி ஏற்பியில் போய் உட்கார்ந்து, குடலில் சுண்ணாம்புச்சத்து ஏற வழி செய்யும். கொட்டகை இருட்டில் வளர்ந்த காளானில் இந்த வைட்டமின் சொற்பம்.

ஆகவே பறித்த அன்றே, பால் காளான் காம்பு தடிமன் என்பதால் மெல்லிசாகச் சீவி, குடையின் அடிமடிப்பு வானத்தைப் பார்க்கும்படி வலைத்தட்டில் பரப்பி, உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். கண்ணாடி மூடிய சூரிய உலர்த்திக்குள் வைத்தால் பயனில்லை, அந்தப் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். பிறகு எதில் வேண்டுமானாலும் உலர்த்துங்கள். பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். விலை வைக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒடித்தால் ‘படக்’கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம் போகவில்லை. கடலூர்க் காற்று ஒரே ராத்திரியில் நமத்துப்போக வைத்துவிடும். சூடு ஆறியதும் அடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலை நம்பாமல் பச்சையாகவே விற்றுவிடுவது நல்லது.

பாக்கெட்டில் ‘வெயில் காட்டி உலர்த்திய காளான்’ என்று போடுங்கள், போதும்.